பூஜையில் வைத்த கால்கள்

தாளாளர் நாகலிங்கத்தை ட்ரில் மாஸ்டர் சோலைச்சாமி கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அந்த நிலையிலும் அவர் உத்தரவு போடுவதை நிறுத்தவில்லை. ஏழரைப்பட்டி உயர்நிலைப் பள்ளி அவருடைய சொந்தப் பள்ளி. சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆட்களாகப் பார்த்துப் பார்த்து ஆசிரியர்களைச் சேர்த்தவரும் அவர்தான். அதன் பலனைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

“காலாண்டுப் பரீட்சை முடிஞ்சாச்சு. ஒரு நாள் முன்னாடியே, இன்னிக்குச் சாயங்காலமே சரஸ்வதி பூஜை போட்டிருங்க. அவங்கவங்க எதை வச்சு வேலை பார்க்கிறீங்களோ அதையெல்லாம் பூஜையில வச்சிரணும். ஒண்ணு விடக் கூடாது. விஜயதசமி அன்னிக்கு நான் வந்து என் கையால எடுத்துக் குடுப்பேன். அதுவரைக்கும் ஒருத்தரும் உபயோகிக்கக் கூடாது, தொடவும் கூடாது. புரிஞ்சுதா?”

எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியே இருந்த கால் உள்ளே போனது. கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மறைந்தது.

சோலைச்சாமி மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தலையாட்டினார். அவர் மனசு அங்கே இல்லை. அவருடைய மனைவி பூங்காவனம் கோபித்துக்கொண்டு பக்கத்து ஊரில் அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்தாள். கோபத்துக்குக் காரணம் அவர் வீட்டிலும் ட்ரில் மாஸ்டராகவே இருந்ததுதான். விடிந்ததும் அவள் காதருகே விசில் அடிப்பார். காப்பி டம்ளரை எந்தக் கையில் எடுத்து, எந்தக் காலை முன்வைத்துக் கொண்டுவர வேண்டும் என்று எண்ணிச் சொல்லுவார். ஒருநாள் அவள் டம்ளரை வைத்துவிட்டு அப்படியே நடந்து அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அதுவும் கால் மாற்றி.

அவளை அழைத்துவர அவர் அணிவகுப்பில் முன்னால் நடக்கும் இரண்டு பையன்களை அனுப்பினார். அவள் பையன்களுக்குச் சோறு போட்டுத் திருப்பி அனுப்பினாள். கூடவே சொல்லியும் அனுப்பினாள்: “ஆள் அனுப்புற வேலையெல்லாம் வேணாம்னு சொல்லுங்க. காலாண்டு லீவு விட்டதும், விசில் இல்லாம, அவரு சொந்தக் காலால நடந்து வந்து கூப்பிடட்டும். வர்றேன்.”

இவ்வளவுதான் விஷயம். லீவு விட வேண்டும், விசில் கூடாது, சொந்தக் கால் வேண்டும். சோலைச்சாமி இந்த மூன்றையும் இரவும் பகலும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

பூஜை வேலை மும்முரமாக நடந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் பெரிய கூடத்தில் கோலம் போட்டார்கள். பையன்கள் பள்ளி மணியைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். கரும்பலகை, சாக்பீஸ், பிரம்பு, உலக உருண்டை, கால்பந்து, கிணற்று வாளி எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் சந்தனம் குங்குமத்தோடு அமர்ந்தன. பிள்ளைகளைக் கூப்பிட்டு, “நீங்க எதை வச்சு வேலை பார்க்கிறீங்க?” என்று தலைமையாசிரியர் வைரவன் கேட்டார். “நாங்க எதை வச்சும் வேலை பார்க்கிறதில்லை சார்” என்றார்கள். அவர்களுடைய பரீட்சைத் தாளைத் திருத்தியிருந்ததால் வைரவன் அதை நம்பி, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் போனார்கள். அந்தப் பள்ளியிலேயே உருப்படியாக லீவு எடுத்தவர்கள் அவர்கள்தான்.

அடுத்து ஆசிரியர்களின் முறை. கணக்கு வாத்தியார் ஆதிமூலம் தன்னுடைய அடிக்கோலைக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

“என்ன சார்?” என்றார் வைரவன்.

“மனசு உறுத்துது சார். நான் இந்தக் கோலை வச்சா வேலை பார்க்கிறேன்? விரலை விட்டு எண்ணித்தானே கணக்குப் போடுறேன்.”

கூடம் அமைதியானது. பெரிய உண்மை ஒன்று வெளியே வந்தால் அப்படித்தான் ஆகும்.

“ஒண்ணு விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்” என்றார் தமிழாசிரியர் புலவர் அம்பலவாணன். “வையுங்க.”

ஆதிமூலம் பத்து விரலையும் நீட்டினார். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார்கள். அதோடு அந்த விரல்கள் எதையும் தொடும் உரிமையை இழந்தன. அன்று முதல் அவருக்கு அவர் மனைவிதான் சோறு ஊட்டினார்.

“அப்ப புலவரே, நீங்க?” என்றார் ஆதிமூலம், கையைத் தூக்கிப் பிடித்தபடி.

புலவர் யோசித்தார். “நான் புத்தகத்தை ஒருநாளும் திறந்ததில்லை. எல்லாம் வாய்தான்.”

“வாயை வச்சிட்டா சாப்பாடு?”

இதைப் பற்றி வெகுநேரம் விவாதம் நடந்தது. வாய்க்கு இரண்டு வேலை உண்டு, சோறு உள்ளே போவது ஒன்று, பேச்சு வெளியே வருவது ஒன்று, பள்ளிக்கூட வேலை இரண்டாவதுதான் என்று தலைமையாசிரியர் முடிவு சொன்னார். ஆகவே உள்ளே போகும் வழி திறந்திருக்கலாம், வெளியே வரும் வழியைப் பூஜையில் வைத்துவிட வேண்டும். புலவர் உதட்டில் சந்தனம் பூசினார்கள். அவர் சம்மதத்துக்கு அடையாளமாகத் தலையை மட்டும் அசைத்தார்.

பிறகு வைரவனே கேட்டார். “எல்லாம் சரி. நான் எதை வச்சு வேலை பார்க்கிறேன்?”

பேனாவா என்று பார்த்தார்கள். அதில் மை ஊற்றியதே கிடையாது. மூளையா என்று ஆதிமூலம் தொடங்கினார், பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் காலையில் வருவதிலிருந்து சாயங்காலம் போவது வரை என்ன செய்கிறார் என்று வரிசையாக நினைத்துப் பார்த்தார்கள். கடைசியில் எல்லோர் பார்வையும் ஒரே இடத்தில் போய் நின்றது. அவருடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பூஜையில் வைத்தார்கள். வைரவன் அன்று நின்றவர் நின்றவர்தான். வீட்டில் படுப்பார், உட்காரமாட்டார்.

சோலைச்சாமி இதற்குள் விசிலைக் கழற்றி, சத்தமில்லாமல் ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார். விசில் இல்லாமல் ஆகிவிட்டது. மூன்றில் ஒன்று முடிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

“மாஸ்டர், நில்லுங்க” என்றார் ஆதிமூலம். “விசில் மட்டும்தானா?”

“ஆமா சார். நான் ஊதுவேன், பசங்க ஓடுவாங்க. வேறென்ன இருக்கு?”

“இடது வலதுன்னு நடந்து காட்டுறது யாரு?”

“நான்தான்.”

“எதை வச்சு?”

சோலைச்சாமி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “சார், காலை வைக்கச் சொல்லாதீங்க. எனக்குப் போக வேண்டிய இடம் இருக்கு. புலவருக்கு வாயில ஒரு வழியைத் திறந்து விட்டீங்கள்ல? அதே மாதிரி ட்ரில்லுக்கு நடக்கிற நடையை வச்சிக்கிறேன். வீட்டுக்கு நடக்கிற நடையை விட்டிருங்க.”

வைரவன் இதை நியாயமாக யோசித்தார். “நல்ல யோசனைதான். வீட்டுக்கு நடக்கிற நடை எது? நடந்து காட்டுங்க.”

சோலைச்சாமி நடந்தார். இடது, வலது, இடது, வலது. கை தோள் வரை உயர்ந்தது. திரும்பி வந்து, மறுபடி நடந்தார். எவ்வளவு தளர்வாக நடக்கப் பார்த்தாலும் முழங்கால் தானாக விறைத்தது. சந்தைக்குப் போனாலும், சாவு வீட்டுக்குப் போனாலும் அவர் அப்படித்தான் நடப்பார் என்பது ஊருக்கே தெரியும்.

“உங்ககிட்ட ஒரு நடைதான் இருக்கு மாஸ்டர்” என்றார் வைரவன் வருத்தத்தோடு. “வேற இல்லை. உட்காருங்க.”

காலை நீட்டி உட்காரவைத்தால் சரஸ்வதிக்கு நேரே பாதம் வரும், அது மகா பாவம். எனவே சம்மணம் போடவைத்து, இரண்டு முழங்காலிலும் சந்தனம் பூசி, கால்பந்துக்கும் கிணற்று வாளிக்கும் நடுவில் ஒரு பலகையில் உட்காரவைத்தார்கள்.

கற்பூரம் காட்டியாயிற்று. இனி நீள மணி அடிக்க வேண்டும், அடித்தால்தான் லீவு. அப்போதுதான் மணியும் பூஜையில் இருப்பது தெரிந்தது.

“அப்ப லீவு இன்னும் விடலை” என்றார் வைரவன்.

“விஜயதசமி அன்னிக்கு ஐயா வந்து எடுத்துக் குடுப்பார்ல, அப்ப அடிச்சுக்கலாம்” என்றார் ஆதிமூலம். “மாஸ்டர், அதுவரைக்கும் பொறுத்துக்கங்க.”

நாளன்னிக்குத்தானே என்று சோலைச்சாமியும் சமாதானமானார்.

விஜயதசமி காலையில் கார் வந்தது. டிரைவர் மட்டும் இறங்கினான். கண் சிவந்திருந்தது.

“சார், ஐயா தவறிட்டாருங்க. போன இடத்துல நெஞ்சு வலி. அங்கேயே எரிச்சிட்டாங்க.”

வைரவன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார். “அப்ப இன்னிக்கு வருவாரா?”

“சார், அவரு செத்துட்டாருங்க.”

“அது கேட்டுச்சுப்பா. வருவாரா, மாட்டாரா?”

டிரைவர் கார் கதவைத் திறந்தான். பிறகு, “இன்னிக்கு வரமாட்டாருங்க” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனான்.

அப்படியாக அந்தப் பள்ளியில் எல்லாமே நின்ற இடத்தில் நின்றது. லீவு விடாததால் ஆசிரியர்கள் தினமும் வந்தார்கள். தலைமையாசிரியர் நின்றார். கணக்கு வாத்தியார் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு எண்ண முடியாமல் இருந்தார். தமிழாசிரியர் பேசாமல் இருந்தார். பிள்ளைகள் அவர்களாகவே லீவு முடித்துக்கொண்டு வந்து, மதியம் சத்துணவு சாப்பிட்டு, விளையாடி, சாயங்காலம் வீட்டுக்குப் போனார்கள். தமிழ் வகுப்பு இவ்வளவு நன்றாக எப்போதும் நடந்ததில்லை என்று பெற்றோர்கள் பேசிக்கொண்டார்கள். அரையாண்டுத் தேர்வில் அந்தப் பள்ளியின் மதிப்பெண்கள் முந்தைய வருஷம் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. ஒன்றும் குறையவில்லை.

சோலைச்சாமி பூஜையில் இருந்தார். சோறு வரும். மற்றதற்கெல்லாம் பெரிய வகுப்புப் பையன்கள் பலகையோடு தூக்கிக்கொண்டு போய்த் திரும்ப வைப்பார்கள். முழங்காலில் கொசு உட்கார்ந்தால் அடிக்கக் கூடாது; தொட்டதாகிவிடும். வாயால் ஊதுவார். சொல்லியனுப்பலாம் என்றால் ஆள் அனுப்பக் கூடாது என்பது பூங்காவனத்தின் உத்தரவு. அதையும் அவர் மீறவில்லை.

தீபாவளி கழிந்து ஒருநாள் அவளே வந்தாள். கையில் தூக்குச்சட்டி. கூடத்து வாசலில் நின்று, சரஸ்வதியையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னங்க இது கோலம்?”

“கால் பூஜையில இருக்கு.”

“நான் என்ன சொல்லி விட்டேன்?”

“லீவு விட்டதும், விசில் இல்லாம, சொந்தக் காலால வரச் சொன்ன.”

“லீவு விடலையா?”

“மணி அடிக்கலையே.”

“விசிலு?”

“அந்தா இருக்கு பாரு, கால்பந்துக்குப் பின்னால. நான் தொட்டே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.” அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தூக்குச்சட்டியைத் திறந்து அதிரசம் எடுத்துக் கொடுத்தாள். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “முட்டியில சந்தனம் வெடிச்சுப்போயிருக்கு” என்றாள்.

“வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புதுசா வைக்கிறாங்க.”

“சரி, போதும். நானே வந்துட்டேன்ல? எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்.”

சோலைச்சாமி அதிரசத்தைக் கீழே வைத்தார். “அது எப்படி? நான் உங்க அப்பா வீட்டுக்கு வந்து உன்னையக் கூப்பிடணும். நீ இங்க வந்து உட்கார்ந்துட்டா நான் அங்க போய் யாரைக் கூப்பிடுறது?”

“நான் சொன்னதை நானே மாத்திக்கிறேன்யா.”

“தாளாளர் சொன்னதை மாத்த முடியாதுல்ல? நீ போ. போய் அங்க இரு. நான் வருவேன்.”

பூங்காவனம் எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். “பங்குனி முடியுற வரைக்கும் பார்ப்பேன். சித்திரை பிறந்தா எங்கண்ணன்கூடத் திருப்பூருக்குப் போயிருவேன். பனியன் கம்பெனியில ஆள் கேட்கிறாங்க. அங்கேயும் விசிலு உண்டாம், ஆனா சம்பளம் குடுத்துட்டு ஊதுவாங்களாம்.”

சோலைச்சாமி அன்றிரவு தூங்கவில்லை. காலையில் மற்றவர்களைக் கூப்பிட்டு, பங்குனி கடைசிக்குள் எப்படியாவது காலை வாங்கித் தரச் சொல்லிக் கெஞ்சினார். அதன்பிறகுதான் எல்லோரும் தீவிரமாக யோசிக்கத் தொடங்கினார்கள்.

புதுத் தாளாளராக வந்தவர் நாகலிங்கத்தின் மருமகன். அவர் கையால் எடுத்துக் கொடுக்கச் சொல்லலாம் என்றார் ஒருவர். “அது அவரு கை. ‘என் கையால’ன்னு சொன்னது பெரியவர்” என்று வைரவன் மறுத்தார். மருமகனுக்கும் அவசரமில்லை. சாக்பீஸ் கூட வாங்காமல் ஒரு பள்ளிக்கூடம் நடக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. “மாமா வார்த்தையை நான் மீறமாட்டேன்” என்று சொல்லிவிட்டார்.

பெரியவரின் படத்தை வைத்து எடுக்கலாம் என்று பார்த்தார்கள். படம் மார்போடு நின்றுவிட்டது, கை இல்லை. கை தெரிகிற படம் ஒன்றே ஒன்று கிடைத்தது. அதில் அவர் ஊர்க்காரர்களிடமிருந்து மாலை வாங்கிக்கொண்டிருந்தார். வாங்குகிற கையால் எப்படிக் கொடுக்க முடியும் என்று அதையும் தள்ளினார்கள்.

“சிலை வைப்போம்” என்றார் ஆதிமூலம். “கை நீட்டிக் குடுக்கிற மாதிரி.”

பீடத்தில் தன் பெயரைப் பெரிதாகப் போடுவதாக இருந்தால் சரி என்றார் மருமகன். சிற்பியை வரவழைத்தார்கள். “கை எப்படிங்க? கும்பிடுற மாதிரியா?” என்று கேட்டார். “குடுக்கிற மாதிரி” என்றார்கள். சிற்பிக்கு நாகலிங்கத்தை நன்றாகத் தெரியும். ஆகையால் இன்னொரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

பங்குனி கடைசி நாளில் சிமெண்ட் சிலை வந்து சேர்ந்தது. வலது கை உள்ளங்கை மேலே பார்க்க நீண்டிருந்தது. பூஜைப் பொருளைத் தொடாமல் சிலையின் கையில் வைப்பதற்கு வைரவன் வீட்டு அடுப்படியிலிருந்து இடுக்கி வந்தது. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைப்பார்கள். பிறகு பவ்யமாகப் பெற்றுக்கொள்வார்கள். மணி, பிரம்பு, வாளி எல்லாம் வந்தன. உலக உருண்டை வழுக்கி விழுந்து பசிபிக் மகாசமுத்திரத்தில் நசுங்கியது.

நாற்காலியைக் கயிறு கட்டித் தூக்கி வைத்து இறக்கினார்கள். அது தரையைத் தொடுவதற்குள் வைரவன் அதில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் முனகினார். அதன்பிறகு எதற்கும் எழுந்திருக்கவில்லை. ஆதிமூலம் பத்து விரலையும் உள்ளங்கையில் வைத்து எடுத்தார். எடுத்ததும் எண்ணிப் பார்த்தார். ஒன்பது வந்தது. பழக்கம் விட்டுப்போனதால்தான் என்று தேற்றினார்கள். புலவர் குனிந்து முகவாயைக் கையில் வைத்து நிமிர்ந்தார். வாயைத் திறந்தவர் நிறுத்தவில்லை. ஆறு மாதத்துப் பேச்சும் வரிசையில் நின்றிருந்தது. அவர் வாயை மறுபடி பூஜையில் வைக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று இரண்டு பேர் ரகசியமாக விசாரித்தார்கள்.

மிச்சம் சோலைச்சாமியின் கால்கள்.

பையன்கள் அவரைச் சிலைக்கு முன்னால் தூக்கிவந்து வைத்த பிறகுதான் புலவர் சொன்னார்: “ஐயையோ, காலைத் தூக்கி ஐயா கையில வைக்கிறதா?”

உப்புப் போட்ட ஐயாவின் கையைக் காலால் தொடுவதா?

“அப்ப ஐயா கையை என் காலுக்குக் கொண்டு வாங்க” என்றார் சோலைச்சாமி.

“அவர் உங்க காலைத் தொடணுமா? உங்களுக்குப் பைத்தியமா மாஸ்டர்?”

“நாளைக்குச் சித்திரை சார். அவ போயிருவா. அதுக்கப்புறம் எனக்குக் காலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எடுத்து வச்சுக்கங்க.”

அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. புலவர் கூட நிறுத்தினார். கடைசியில் ஆதிமூலம் சொன்னார். “தலை ஐயா பாதத்துல இருந்தா அது நமஸ்காரம். நமஸ்காரம் பண்ணும்போது மத்த உறுப்பு எங்க இருக்குன்னு யாரும் கேட்கிறதில்லை. மாஸ்டர், உங்களுக்குச் சிரசாசனம் வரும்ல?”

வரும். சோலைச்சாமி சிலையின் பாதத்தில் தலையை ஊன்றினார். கையை ஊன்றினார். நாலு பையன்கள் இடுப்பைப் பிடித்து ஏற்றினார்கள். கால்கள் ஆறு மாதமாகச் சம்மணத்திலேயே இருந்ததால் மடங்கியபடியே மேலே போயின. உள்ளங்கைக்கு நேராக வந்ததும் ஒரு கால் சடக்கென்று விரிந்தது. அதன் பாரம் முழுவதும் நாகலிங்கத்தின் கையில் இறங்கியது. நாகலிங்கத்தின் கை உயிரோடு இருந்தபோதும் பாரம் தாங்கிப் பழகியதில்லை. மணிக்கட்டோடு முறிந்தது. காலும் கையும் ஆளும் ஒன்றாகக் கீழே விழுந்தன.

புழுதி அடங்கியபோது சோலைச்சாமி மல்லாந்து கிடந்தார். சிமெண்ட் கை அவர் வயிற்றின் மேல் இருந்தது.

எல்லோரும் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள்.

“குடுத்துட்டார்” என்றார் வைரவன், நாற்காலியிலிருந்து எழாமல். “மணி அடிங்க.”

நீள மணி அடித்தது. காலாண்டு விடுமுறை தொடங்கியது. பிள்ளைகள் அன்றுதான் முழுப் பரீட்சை எழுதி முடித்திருந்தார்கள். அவர்களுக்கு எந்த லீவாக இருந்தாலும் ஒன்றுதான்.

சோலைச்சாமி சுவரைப் பிடித்து எழுந்தார். விசிலை எடுக்கவில்லை. கிளம்பும்போது வைரவன் கூப்பிட்டு அந்தக் கையை அவர் கையில் கொடுத்தார். “இதையும் கொண்டு போங்க. வழியில யாராச்சும் இந்தக் காலை உங்களுக்கு யாரு எடுத்துக் குடுத்தான்னு கேட்டா காட்டணும்ல.”

அவர் நடந்தார். இடது வலதெல்லாம் மறந்துபோயிருந்தது. ஒரு கால் ஒரு பக்கம் இழுத்தது, இன்னொன்று எங்கோ பார்த்து வைத்தது. வரப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தார். பூங்காவனத்தின் அப்பா வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் இரண்டு மூட்டை கட்டி வைத்திருந்தது. அண்ணன் மாட்டுவண்டிக்குச் சொல்லப் போயிருந்தான்.

“லீவு விட்டாச்சு” என்றார். “வா.”

அவள் அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். பிறகு அவர் அக்குளில் இருந்ததைப் பார்த்தாள். “என்னது அது?”

“தாளாளர் கை.”

மூட்டையில் ஒன்றைப் பூங்காவனம் எடுத்துக்கொண்டாள். இன்னொன்றை அவர் தலையில் வைத்தாள். இருவரும் மெதுவாக, ஆளுக்கொரு நடையில், ஏழரைப்பட்டிக்கு நடந்தார்கள்.

சிலை இன்னும் பள்ளி முற்றத்தில் மணிக்கட்டு வரை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கை சோலைச்சாமி வீட்டுக் கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது. எந்தக் காற்றுக்கும் அந்தக் கதவு அடித்துச் சாத்திக்கொள்வதில்லை.